ஒழுகரை விருந்தும் ஆயாவின் பிடியரிசியும்

கருவடிக்குப்பத்தைத் தேடி வெளியூரிலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் பாரதிக்காகத்தான் வருவார்கள். குயில் தோப்பு எங்கே, சித்தானந்த சாமி கோயில் எங்கே என்று கேட்பார்கள். கையை நீட்டி வழி சொல்லிவிடுவோம். ஒழுகரைக்கு வழி கேட்டு யாரும் வந்ததில்லை. நாங்கள் வீட்டு வரி கட்டுகிற நகராட்சிக்கே அந்த ஊர்ப் பெயர்தான். இப்போது பலகைகளில் உழவர்கரை என்று இருக்கும். எங்கள் தெருவிலிருந்து சைக்கிளில் போனால் அரை மணி நேரம். அங்கே 1745 நவம்பர் 30ஆம் தேதி, அந்திரேயர் திருநாளன்று, ஒரு விருந்து நடந்தது. கொடுப்பதைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டதில் என்னை அதிகம் தொந்தரவு செய்த ஒரு பக்கம் அந்த விருந்தைப் பற்றியது. எழுதியவர் ஆனந்தரங்கப் பிள்ளை.

விருந்து வைத்தவர் கனகராய முதலி. பிரெஞ்சுக் கும்பினியின் தலைமைத் துபாஷ், கிறிஸ்தவர். இறந்துபோன மகனின் நினைவாக ஒழுகரையில் ஒரு கோயில் கட்டி, அதற்காக ஊரையே அழைத்தார். பிராமணர், வேளாளர், கோமுட்டிகள், செட்டிகள், தட்டார், நெசவாளர், எண்ணெய் வாணியர் என்று எல்லாருக்கும் அழைப்பு. பிராமணர்களுக்குப் பிராமணச் சமையற்காரர்கள், அவரவர் ஆசாரத்துக்குத் தனித்தனி இடம், சத்திரங்களிலும் தோட்டங்களிலும் தனித்தனி அடுப்பு. வெள்ளைக்காரர்களுக்குப் புதுச்சேரியிலேயே சமைத்து எடுத்துவந்து மேஜை போட்டுப் பரிமாறினார்கள். கவர்னர் துய்ப்ளே மனைவியோடு வந்து சாயங்காலம் வரை இருந்தார்.

இவ்வளவையும் பொறுமையாக எழுதிவிட்டு ரங்கப்பிள்ளை ஒரு கணக்குப்பிள்ளைக்கே உரிய நிதானத்தோடு தீர்ப்புச் சொல்கிறார். பணம் ஏகமாகச் செலவாயிற்று, உபசாரத்தில் குறை இல்லை, ஆனாலும் விருந்து சோபிக்கவில்லை. காரணமும் சொல்கிறார். தன் வேதப்படி நடக்க வேண்டுமென்றால் கனகராய முதலி வெள்ளைக்காரர்களையும் தமிழ்க் கிறிஸ்தவர்களையும், நாட்குறிப்பு சாதிப்பெயர் சொல்லிக் குறிப்பிடுகிற தலித் மக்களையும் அழைத்து ஒன்றாக உட்கார்த்திச் சோறு போட்டிருக்க வேண்டும். அதை விட்டுவிட்டு இந்துக்களின் முறையில் சாதி பார்த்துப் பந்தி வைத்ததால் அது இரண்டுங்கெட்டானாகப் போய்விட்டது என்பது அவர் வாதம்.

ரங்கப்பிள்ளை சமத்துவம் பேசுகிற ஆள் கிடையாது. வைணவர், துபாஷ் பதவிக்குப் போட்டி போட்ட குடும்பம், கனகராய முதலி மறுவருஷம் இறந்த பிறகு அந்தப் பதவி இவருக்குத்தான் வந்தது. பொறாமை வாடை நன்றாகவே அடிக்கிறது. இருந்தாலும் ஒரு விருந்தைப் பார்த்து, இதைப் போட்டவரின் விசுவாசத்துக்கும் இந்தப் பந்தி வரிசைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டவர் அவர். அந்த விதத்தில் தமிழ்க் கிறிஸ்தவக் கொடையின் முதல் விமர்சகர் என்று அவரைத்தான் சொல்வேன். அதே நாட்குறிப்பில், இந்த விருந்துக்கு ஒன்றரை மாதம் முந்தி, அக்டோபரில், சம்பா கோயிலுக்குள் சாதிக் கிறிஸ்தவர்களையும் தலித் கிறிஸ்தவர்களையும் பிரித்து வைத்திருந்த சுவர் இடிக்கப்பட்ட செய்தி வருகிறது. தலித் கிறிஸ்தவர்கள் பெரிய சாமியாரிடம் போய் நாங்களும் உங்கள் பிள்ளைகள்தானே என்கிற மாதிரி முறையிட்டு இடிக்க வைத்தார்கள். அக்டோபரில் கோயிலுக்குள் சுவர் விழுகிறது. நவம்பரில் சோற்றுப் பந்தியில் திரும்ப எழும்புகிறது. இந்த இரண்டு பதிவையும் அடுத்தடுத்து வைத்துத்தான் நான் எப்போதும் படிப்பேன்.

எனக்கு இது பழைய சரித்திரமாகத் தெரியாததற்கு ஒரு காரணம் உண்டு. 2020 ஏப்ரல், ஊரடங்கு. அப்பாவுக்கு வேலை இல்லை. ஒரு குழுவிலிருந்து எங்கள் வீட்டுக்கு ஒரு பை வந்தது: அஞ்சு கிலோ அரிசி, துவரம்பருப்பு, எண்ணெய், இரண்டு பிஸ்கட் பாக்கெட். கொண்டுவந்தவர்கள் நல்லவர்கள், எனக்குத் தெரிந்தவர்களும்கூட. மாஸ்க் போட்டுக்கொண்டு வெயிலில் தெருத்தெருவாக அலைந்தார்கள். பையை அம்மா கையில் கொடுத்து, அவர்கள் ஒரு ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, கொஞ்சம் மாஸ்க்க எறக்கிட்டு சிரிங்க" என்று ஒரு போட்டோ எடுத்தார்கள். அம்மா சிரித்தாள். சாயங்காலத்துக்குள் அது மூன்று வாட்ஸ்அப் குழுக்களில் வந்தது. ஒன்றில் கீழே மத்தேயு நற்செய்தியின் வசன எண் போட்டிருந்தது. அந்த அரிசி நல்ல அரிசி. நாங்கள் சாப்பிட்டோம். அதை இங்கே சொல்லாமல் விட்டால் மற்றதெல்லாம் வேஷமாகிவிடும்.

அந்த மாதத்தில்தான் ஜெயமோகனின் 'அறம்' தொகுப்பை இரண்டாம் முறை படித்தேன். இணையத்தில் அவை 2011இல் வந்தபோது நான் பள்ளிக்கூடம். என் வயதுக்காரர்கள் பலருக்குத் தமிழ் இலக்கியத்தின் கதவு அந்தக் கதைகள்தான், எனக்கும். முதல் தடவை 'ஓலைச்சிலுவை' படித்து அழுதேன். இரண்டாம் தடவை அழுகை வரவில்லை, ஒரு நெருடல் வந்தது. அதைத்தான் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும்.

கதை டாக்டர் தியோடர் ஹோவர்ட் சாமர்வெல்லைப் பற்றியது. நிஜ மனிதர். 1922லும் 1924லும் எவரெஸ்ட் ஏறப்போன குழுக்களில் இருந்தவர். முதல் பயணம் முடிந்து இந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்தவர், திருவிதாங்கூரில் நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியையும் அங்கே காத்துக் கிடந்த கூட்டத்தையும் பார்த்துவிட்டு, லண்டனில் கிடைக்கவிருந்த பெரிய வாழ்க்கையை விட்டுவிட்டு இங்கேயே தங்கினார். இருபது வருஷத்துக்கு மேல் நெய்யூர், பிறகு வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி. இப்படி ஒரு ஆளைப் பற்றிக் கதை எழுதாமல் இருந்தால்தான் தப்பு. ஜெயமோகன் அவரைப் பசியில் கிடக்கிற ஒரு வீட்டுப் பையனின் கண் வழியாகக் காட்டுகிறார். அந்த வீட்டுக்கு வேதமும் சோறும் ஒன்றாகவே வருகின்றன. பையனுக்கு விசுவாசம் கிடையாது, வயிறு இருக்கிறது. கதை அவனை மெல்ல மெல்ல நடத்திக்கொண்டு போய் உண்மையான விசுவாசத்தின் முன்னால் நிறுத்துகிறது. சாமர்வெல்லின் வழியாகத்தான் அவனுக்குக் கிறிஸ்து தெரிகிறார்.

இப்போது அதே தொகுப்பில் இருக்கிற 'சோற்றுக்கணக்கு' கதையைப் பக்கத்தில் வையுங்கள். கெத்தேல் சாகிப். திருவனந்தபுரத்தில் அவர் சாப்பாட்டுக் கடை. சாப்பிட்டுவிட்டு இருப்பதை உண்டியலில் போடலாம், போடாமலும் போகலாம். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். கதைசொல்லி படிக்கிற காலமெல்லாம் அங்கே ஓசியில் தின்றவன். வேலை கிடைத்துப் பெரிய தொகை கைக்கு வந்ததும் கொண்டுபோய் உண்டியலில் திணிக்கிறான். சாகிப் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. வழக்கம்போல இலையில் சோறு விழுகிறது, மீன் விழுகிறது. தமிழில் கொடுப்பதைப் பற்றி எழுதப்பட்ட மிகச் சிறந்த இடங்களில் அது ஒன்று என்று நினைக்கிறேன். அந்தப் பாராமுகம்தான் வாங்கியவனை விடுதலை செய்கிறது. அவன் நல்லவனாகலாம், ஆகாமலும் போகலாம். அந்தக் கடையில் அதற்குக் கணக்கு கிடையாது.

'ஓலைச்சிலுவை'யில் அந்தச் சுதந்திரம் பையனுக்குக் கிடைத்ததா? சாமர்வெல் அவனிடம் எதையும் திருப்பிக் கேட்கவில்லை, உண்மைதான். டாக்டர் கேட்காததைக் கதை கேட்டு வாங்கிவிடுகிறது என்பது என் குறை. சோற்றுக்காக வேதத்தில் சேர்ந்தவன் கடைசிவரை சோற்றுக்காகச் சேர்ந்தவனாகவே இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. அவன் விசுவாசியாக மாறினால்தான் முன்னால் தின்ற சோற்றுக்கு நியாயம் கிடைக்கிறது. கெத்தேல் சாகிப் கடையில் சாப்பிட்டவன் முஸ்லிமாகவில்லை. அப்படி ஆகவேண்டும் என்று எந்த வாசகரும் எதிர்பார்க்கவில்லை. நெய்யூரில் மட்டும் ஏன் எதிர்பார்க்கிறோம்?

சரித்திரத்தில் அப்படித்தானே நடந்தது என்று ஒரு நண்பன் சண்டை போட்டான். நடந்ததுதான். எங்கள் வீடே தாது வருஷப் பஞ்சத்தில் வேதத்தில் சேர்ந்த வீடு என்று ஆயா சொல்லும். 1876 முதல் 78 வரை நீடித்த அந்தப் பஞ்சத்தில் அரைக் கோடிப் பேருக்கு மேல் செத்திருக்கலாம் என்கிறார்கள். அரசாங்கம் நிவாரண வேலைக்கு வந்த ஒரு ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஒரு அணாவும் போதும் என்று கணக்குப் போட்ட காலம் அது. புதுச்சேரி மிஷனில் கூட்டம் கூட்டமாக ஞானஸ்நானம் நடந்தது அப்போதுதான். மாயூரத்தில் வேதநாயகம் பிள்ளை, அவரும் கத்தோலிக்கர், சொந்தக் காசில் கஞ்சி ஊற்றினார். அவரைப் புகழ்ந்து கோபாலகிருஷ்ண பாரதியார் பாடிய கீர்த்தனை இருக்கிறது. பஞ்சம் ஓய்ந்ததும், 1879இல், 'பிரதாப முதலியார் சரித்திரம்' அச்சாகிறது. அதன் மையத்தில் இருப்பது வசதியான வீட்டுப் பிள்ளைகளின் வாழ்க்கை. கஞ்சி ஊற்றியவருக்குப் பாட்டு கிடைத்தது. தொட்டியடியில் நின்றவர்கள் அந்தக் கஞ்சியைப் பற்றி என்ன பேசிக்கொண்டார்கள்? உப்பு போதவில்லை என்று ஒருத்தியாவது சொல்லியிருக்க மாட்டாளா?

இங்கேதான் மத்தேயு 25க்கு வர வேண்டியிருக்கிறது, போட்டோவுக்குக் கீழே எண் போட்டிருந்த அதே இடம். கடைசித் தீர்ப்பு நாள். பசியாயிருந்தேன், கொடுத்தீர்கள் என்கிறார் அரசர். கொடுத்தவர்கள் விழிக்கிறார்கள். எப்போது உம்மைப் பார்த்தோம், எங்களுக்கு ஞாபகமே இல்லையே என்கிறார்கள். சின்னப் பிள்ளையிலிருந்து பூசையில் கேட்டுக் கேட்டுக் காது புளித்த பகுதிதான். அதில் இரண்டு விஷயத்தை நாங்கள் கவனிக்காமலே விட்டிருக்கிறோம். கொடுத்தவர்களுக்குத் தாங்கள் யாருக்குக் கொடுத்தோம் என்றே தெரியவில்லை. அப்புறம், அந்தக் காட்சியில் கிறிஸ்து வாங்குகிறவர் பக்கம் நிற்கிறார். கொடுக்கிறவர் முகத்தில் அவர் இல்லை. நம்முடைய மிஷன் கதைகள், ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கங்கள், 'ஓலைச்சிலுவை' உட்பட, அவரைத் தூக்கி இந்தப் பக்கம் வைத்துவிட்டன. கொடுக்கிற டாக்டரில், கொடுக்கிற சாமியாரில், கொடுக்கிற சிஸ்டரில் அவரைப் பார்க்கப் பழகிவிட்டோம். அன்றைக்கு மாஸ்க்கை இறக்கிச் சிரித்த என் அம்மாவின் முகத்தில் யாராவது அவரைப் பார்த்தார்களா என்று கேட்டால் பெரிய பேச்சாகத் தெரியும். ஆனால் வசன எண்ணைப் போட்டவர்கள் அவர்கள்தான்.

தமிழில் வாங்குகிறவள் பக்கத்திலிருந்து இதை எழுதிய நாவல் இமையத்தின் 'கோவேறு கழுதைகள்'. 1994இல் வந்தது. கடலூர், விருத்தாசலம் பக்கத்து நாவல். சபைக் கணக்கில் அதுவும் எங்கள் புதுவை-கடலூர் உயர்மறைமாவட்டத்து நிலம்தான். ஆரோக்கியம் தலித் காலனிக்குத் துணி வெளுக்கிற புதிரை வண்ணார் குடும்பத்துக் கிறிஸ்தவப் பெண். ஒடுக்கப்பட்டவர்களுக்கும் கீழே ஒரு படி இருக்கிறது, அதில் நிற்கிறவள். வெளுப்பதற்கும் பேறுகாலம் பார்ப்பதற்கும் சாவு வேலைக்கும் அவளுக்குக் கூலி என்று ஒன்று கிடையாது. ராத்திரியில் வீடு வீடாகப் போய் வாங்குகிற சோறும் அறுவடைக் களத்தில் கிடைக்கிற தானியமும்தான். மகனைச் சாமியாராக்க வேண்டும் என்று ஃபாதரிடம் போகிற கனவில் நாவல் ஆரம்பிக்கிறது. அந்தக் கனவு கைகூடவில்லை. மகன் கல்யாணம் பண்ணிக்கொண்டு சின்னசேலத்துக்குப் போய்விடுகிறான். டவுனில் வேலைக்குக் காசு.

ஆரோக்கியம் போக மாட்டாள். காலனி ஜனங்கள் தன்னைக் கைவிட மாட்டார்கள் என்று நம்பிக்கொண்டு கிடப்பாள். போடுகிற சோறு வருஷா வருஷம் குறைந்துகொண்டே வரும். அப்போதும் நம்புவாள். இங்கே தமிழில் நாம் புழங்குகிற ஒரு வார்த்தை என்னைத் தடுத்து நிறுத்துகிறது. விசுவாசம். கோயிலில் அதற்கு ஆண்டவர்மேல் வைக்கிற நம்பிக்கை என்று அர்த்தம். கோயிலுக்கு வெளியே வந்துவிட்டால் முதலாளியிடம் வேலைக்காரன் காட்ட வேண்டியது, நாய் எஜமானனிடம் காட்டுவது. ஆரோக்கியத்திடம் இந்த இரண்டு விசுவாசத்தையும் பிரித்தெடுக்கவே முடியாது. அந்தோணியாரைக் கூப்பிடுகிற அதே குரலில் களத்துச் சம்சாரியைக் கூப்பிடுகிறாள். ஞானஸ்நானம் எடுத்த எத்தனை வீடுகளில் இந்த இரண்டும் ஒன்றாகக் குழம்பியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். சோறு போட்டவர்களுக்கு விசுவாசமாக இரு என்பதும் ஆண்டவரை விசுவாசி என்பதும் எங்கள் ஆயாவின் காதில் ஒரே வாக்கியமாகத்தான் விழுந்திருக்கும்.

ஆனால் ஆரோக்கியத்துக்கு வாய் இருக்கிறது. அதுதான் இமையம் செய்த பெரிய காரியம். அவள் வாங்குவாள், புலம்புவாள், அளந்து போடுகிற கையைப் பார்த்து முனகுவாள். சட்டியில் விழுந்தது எவ்வளவு என்று அவளுக்குத் தெரியும். போன வருஷம் எவ்வளவு என்பதும் தெரியும். நன்றியுள்ள ஏழையை நமக்குப் பிடிக்கும். கணக்கு வைத்திருக்கிற ஏழையைப் பிடிக்காது. நாவல் வந்த காலத்தில், தலித்துகளுக்குள்ளேயே இருக்கிற படிநிலையை ஏன் வெளியே காட்டினாய் என்று இமையத்தின் மேல் கோபப்பட்டார்கள். அந்த விவாதம் தனியாகப் பேச வேண்டியது. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு: கொடுக்கிறவனும் இல்லாதவனாக இருக்கும்போது கொடை எப்படியிருக்கும் என்பதை அந்த நாவல் காட்டுகிறது. காலனிக்காரர்கள் கல்நெஞ்சர்கள் கிடையாது. அவர்கள் சட்டியிலும் ஒன்றும் இல்லை. சலித்துக்கொண்டே போடுகிறார்கள்.

சலித்துக்கொண்டே போடுவது. இதைத் தமிழ்ச் சிறுகதையில் நான் அதிகம் பார்த்ததில்லை. நம் கதைகளில் கொடுக்கிறவர் மகானாக இருப்பார், இல்லாவிட்டால் கடைசிப் பக்கத்தில் அம்பலப்படுகிற கபடதாரியாக இருப்பார். நான் பார்த்து வளர்ந்த ஆள் இந்த இரண்டிலும் அடங்காது.

எங்கள் ஆயா அடுப்பாங்கரையில் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் வைத்திருந்தது. உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசி அதில் விழும். மாசக் கடைசியில் கோயிலுக்குப் போகும், அங்கிருந்து வின்சென்ட் தே பவுல் சபைக்காரர்கள் எடுத்துக்கொண்டு போய் பங்கில் இல்லாத வீடுகளுக்குக் கொடுப்பார்கள். பிடியரிசி. இதைப் பிரசங்கத்தில் சொன்னால் ஏழைக் கைம்பெண்ணின் காசு மாதிரி அழகாக இருக்கும். நேரில் அப்படி இல்லை. நல்ல அரிசி பானைக்குப் போகும், புடைத்ததில் கிடைத்த நொய் பாட்டிலுக்குப் போகும். "இன்னா ஆயா, சாமிக்கு நொய்யா?" என்றால், "சாமியா துன்னப்போவுது? கஞ்சி வெச்சா எல்லாம் ஒண்ணுதான்" என்று பதில் வரும். அந்த அரிசி யார் யார் வீட்டுக்குப் போகிறது என்பதும் அதற்குத் தெரியும். அந்த வீடுகளைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை அதன் வாயில் வந்ததில்லை. இவன் குடிக்கிறான், அவள் மருமகளைப் படுத்துகிறாள், இன்னொருத்தி கோயிலுக்கே வருவதில்லை. இவ்வளவும் சொல்லிக்கொண்டே அடுத்த நாளும் ஒரு பிடி போடும். நாற்பது வருஷமாகப் போட்டது என்று அம்மா சொல்கிறாள்.

ஊரடங்கில் கோயில் மூடிவிட்டது. பாட்டில் நிறைந்துபோய் வண்டு வைக்க ஆரம்பித்தது. எங்களுக்குப் பை வந்த மறுநாள் காலையில், ஆயா அந்தப் பையைப் பிரித்து அரிசியை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தது. நல்ல அரிசி. ஒரு பிடி எடுத்துப் பாட்டிலில் போட்டது. அம்மா கத்தினாள், நமக்கே வந்தது, அதிலேயுமா என்று. ஆயா காதில் வாங்கவில்லை.

அடுத்த தெருவில் பாதி கட்டி நின்றுபோன ஒரு கட்டடம். வேலைக்கு வந்த வடக்கத்திக் குடும்பம் ஒன்று ஊருக்குப் போக முடியாமல் அதற்குள்ளேயே கிடந்தது. ஆயா வண்டெல்லாம் புடைத்துவிட்டு ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் அரிசியைக் கொட்டி என்னிடம் கொடுத்தனுப்பியது. போகும்போதே திட்டு: எங்கிருந்தோ வந்து நம்ம தலையில உக்காந்துகினு. அந்தப் பெண் இடுப்பில் பிள்ளையோடு வந்தாள். தமிழ் தெரியாது. கிண்ணத்தை வாங்கி அரிசியை முந்தானையில் சரித்துக்கொண்டு, கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. சிரிக்கவும் இல்லை. வரும் வழியில் எனக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு தலையசைப்பாவது எதிர்பார்த்திருக்கிறேன். அம்மாவைச் சிரிக்கச் சொன்னவர்கள்மேல் ஒரு வாரமாகக் கோபத்தில் இருந்த அதே நான்.

வீட்டுக்கு வந்ததும் ஆயா கிண்ணத்தை வாங்கிப் பார்த்தது. உள்ளே ஒட்டியிருந்த தவிட்டைக் கட்டைவிரலால் வழித்தது.

"கழுவிக்கூடக் குடுக்கல பாரு."

மறுநாள் காலையில் அதே கிண்ணம் திண்ணையில் அரிசியோடு இருந்தது.